நெகட்டிவ் மார்க்: பயத்தில் விட்ட கட்டமும் பணம் கட்டிய ஆட்சேபமும்

"தெரியாததைத் தொடாதே, மைனஸ் போய்விடும்." நீட் எழுதும் பிள்ளைகளுக்கு ஆளாளுக்கு ஓதும் அறிவுரை இது. பக்கத்து வீட்டுப் பெண்ணின் ஓஎம்ஆர், அதாவது கட்டம் நிரப்பும் விடைத்தாளின், நகலை ஒருநாள் வாங்கி எண்ணினேன். 31 கேள்விகள் வெறுமையாகக் கிடந்தன. "பாதிக்கு மேல் ரெண்டில் ஒன்று என்று தெரியும் மாமா, பயமாக இருந்தது" என்றாள்.

கணக்கு எளியது. நீட்டில் சரிக்கு 4, தவறுக்கு 1 கழிவு. இரண்டில் ஒன்று என்ற நிலையில் பத்துக் கேள்விகளைக் குறித்து ஐந்துதான் சரியானாலும் 20 வரவு, 5 செலவு. மிச்சம் 15. யுபிஎஸ்சி முதல்நிலைத் தேர்வு அப்படியல்ல. தவறுக்கு அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு போகும். நான்கில் ஒன்றைக் கண்ணை மூடிக் குறித்தால் சராசரியில் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஒரு தெரிவையாவது உறுதியாகத் தள்ள முடிந்தால்தான் லாபம். இரண்டு தேர்விலும் ஒரே கேள்விக்கு இரண்டு கட்டங்களை நிரப்பினால், அதில் ஒன்று சரியாக இருந்தாலும் தவறுதான். டிஎன்பிஎஸ்சியில் தவறான விடைக்குக் கழிவு கிடையாது. ஆனால் விடை தெரியாவிட்டால் 'E' கட்டத்தை நிரப்பியாக வேண்டும். சும்மா விட்டுவிட்டு வராதீர்கள்.

உண்மையான அலைக்கழிப்பு தேர்வுக்குப் பிறகுதான். நீட் விடைக்குறிப்பே தவறு என்று நீங்கள் நினைத்தால் ஆட்சேபிக்கலாம். கேள்விக்கு 200 ரூபாய், திரும்ப வராது. ஆம், தவறு தேர்வு நடத்துபவர்களுடையதாக இருந்தாலும்தான்! சில நாட்களே அவகாசம், இணையத்தில் மட்டும். கடிதம், மனு, நேரில் போய் நிற்பது எதற்கும் மதிப்பில்லை. பணம் கட்டி முடியாத ஆட்சேபம் கணக்கிலேயே வராது. உங்கள் ஆட்சேபம் ஏற்கப்பட்டதா என்று தனியாகச் சொல்லவும் மாட்டார்கள். இறுதி விடைக்குறிப்பைப் பார்த்து நீங்களே தெரிந்துகொள்ள வேண்டும். முடிவு வந்தபின் மறுமதிப்பீடும் கிடையாது.

2024-இல் நடந்ததைப் பாருங்கள். அணுவைப் பற்றிய ஓர் இயற்பியல் கேள்வி. மத்திய அரசின் என்சிஇஆர்டி பாடப் புத்தகத்தின் பழைய பதிப்பின்படி ஒரு விடை, புதியதன்படி வேறு. நீட்டை நடத்தும் தேசியத் தேர்வு முகமை இரண்டுக்கும் மதிப்பெண் கொடுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போய், ஐஐடி டெல்லி வல்லுநர்கள் ஒரு விடைதான் சரி என்றார்கள். பழைய புத்தகத்தை நம்பிய நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் கொடுத்த 4-ம் போய், தவறுக்கு இன்னொன்றும் போய், ஐந்து குறைந்தது. புத்தகத்தில் இருந்ததை எழுதியவர்கள், குருட்டாம்போக்கில் குறித்தவர்களோடு சேர்த்து எண்ணப்பட்டார்கள்.

ஆகவே ஆட்சேபிக்கும்போது புத்தகத்தின் பெயரோடு பதிப்பு ஆண்டையும் பக்கத்தையும் காட்டுங்கள். "எங்கள் சார் சொன்னார்" என்பது அங்கே செல்லாது. அதற்கு முன், ஓஎம்ஆர் படத்தில் உங்கள் பேனா நிரப்பிய கட்டமும் அவர்கள் பதிவு செய்த விடையும் ஒன்றுதானா என்று கேள்வி கேள்வியாக ஒப்பிடுங்கள். அதற்கான முறையீட்டுக்கும் தனியாக 200 ரூபாய்தான். கடைசி நாள் மாலைவரை காத்திருக்காதீர்கள், இணையதளம் திணறும். பணம் கட்டியதும் ரசீதைப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.