உருவம் இருக்கிறது, ஒழுங்கு இல்லை

முள்ளியவளையில் உயர்தரம் படிக்கும் தங்கச்சி ஒருவர் கேட்டிருக்கிறார்: “பெர்குசனைற் பளிங்கு என்று ஓரிடத்தில் போட்டிருக்கிறது, பளிங்கு அல்லாத திண்மம் என்று இன்னோரிடத்தில் போட்டிருக்கிறது. எது சரி?” இரண்டுமே சரிதான் தங்கச்சி.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்வோம். பெர்குசனைற் ஒரு கனிப்பொருள்; அருமண் எனப்படும் உலோகங்களில் ஒன்றும் நையோபியம் என்ற உலோகமும் ஒட்சிசனோடு சேர்ந்த அருமண் நையோபேற்று. ஒரு இத்திரியம், ஒரு நையோபியம், நாலு ஒட்சிசன், சூத்திரம் அவ்வளவுதான். இத்திரியத்தின் இடத்தில் சீரியம், நியோடிமியம் போன்றவையும் வந்து உட்காரும். கறுப்பு அல்லது கபில நிறம், வன்மை, பத்து வரை போகும் மோஸ் அளவுகோலில், ஐந்தரைக்கும் ஆறரைக்கும் இடையில். முதலில் கிடைத்தது கிரீன்லாந்தில். நம் நாட்டில் இறக்குவானைப் பக்கத்துச் சரளையிலும் கிடைத்திருக்கிறது. துண்டு கையில் வந்தால் வெளியே நாற்கோணப் பளிங்கின் முகங்கள் நேர்த்தியாகத் தெரியும். உடைத்தால் போத்தல் கண்ணாடி உடைந்த மாதிரிச் சிப்பி வளைவாக உடையும். எக்ஸ்-கதிரைச் செலுத்தினால் பளிங்குக்குரிய கூரான கோடுகள் ஒன்றும் வராது.

1893இல் நோர்வேக்காரர் புரோகர் இப்படிப்பட்ட கனிப்பொருள்களுக்கு மெற்றாமிக்ற் என்று பெயர் வைத்தார். காரணம் அவருக்குத் தெரிய வழியில்லை. கதிர்த்தொழிற்பாடு கண்டுபிடிக்கப்பட்டதே 1896இல்தான்.

குற்றவாளி உள்ளேயே இருக்கிறது. அருமண் இருக்க வேண்டிய இடங்களில் கொஞ்சம் யுரேனியமும் தோரியமும் புகுந்துவிடும். யுரேனியம்-238 சிதையும்போது அல்பா துணிக்கை ஒன்று வெளியே பாய்கிறது என்று படித்திருப்பீர்கள். சேதம் முழுக்க அந்த அல்பாவின் வேலை என்றுதான் எல்லாரும் நினைப்போம். இல்லை. இடியன் துவக்கால் சுடுகிறவரின் தோளைக் கேட்டுப் பாருங்கள்: குண்டு முன்னே போனால் துவக்கு பின்னே உதைக்கும். அல்பா ஒரு பக்கம் போக, மிச்சக் கரு மறுபக்கம் உதைபடுகிறது.

கணக்கைப் போடுவோம். உந்தம் இரண்டுக்கும் சமன். அல்பாவின் சக்தி ஏறக்குறைய 42 இலட்சம் இலத்திரன்வோற்று. அதை 4/234ஆல் பெருக்கினால் உதைபட்ட கருவுக்குக் கிடைப்பது சுமார் 72 ஆயிரம். அற்பம்தானே? ஆனால் அல்பா இலேசானது, வேகமானது. மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கு தூரத்துக்கு மேல் ஓடி, சக்தியில் பெரும்பங்கை இலத்திரன்களிடம் செலவழித்துவிட்டு, ஓட்டத்தின் கடைசியில் நூறு சொச்சம் அணுக்களை மட்டும் இடம்பெயர்க்கும். உதைபட்ட கரு பாரமானது. சில பத்து நானோமீற்றருக்குள் நின்றுவிடும். அந்தச் சின்னத் தூரத்துக்குள் ஆயிரம் அளவில் அணுக்களை இடித்துத் தள்ளிவிடும். கல்லின் வயது 55 கோடி ஆண்டு என்று வையுங்கள். அதற்குள் நூறு யுரேனிய அணுக்களில் எட்டுத்தான் சிதைந்திருக்கும். ஆனால் ஒவ்வொன்றும் ஈயமாகி முடிவதற்குள் எட்டுத் தடவை அல்பா விடும். அப்படியானால் 64 உதைகள், இடம்பெயர்ந்த அணுக்கள் 64 ஆயிரம். இதில் எனக்குப் பைத்தியமே உண்டு. வெளி முகங்கள் அப்படியே நிற்க, உள்ளே சாலகம், அதாவது அணுக்களின் ஒழுங்கான அடுக்கு, முழுக்கக் குலைந்து போகிறது.

மோதிரத்தில் பதித்தால் இந்தக் கல்லில் சக்தி உண்டா என்று இன்னொருவர் கேட்டார். உண்டு ஐயா, ஆனால் அது சனீஸ்வரனைக் கேட்டு வருகிற சக்தியில்லை. கதிர் வீசும் கல்லை விரலில் மாட்டாதீர்கள்.

சரி, வகைப்படுத்தல். நையோபேற்றுகளைப் பிரிப்பது உலோக விகிதத்தாலும் அணு அடுக்காலும். பெர்குசனைற்றில் ஒரு அருமணுக்கு ஒரு நையோபியம். அதன் உறவுக் கனிப்பொருள்களான யூக்செனைற்றிலும் ஈஷினைற்றிலும் ஒரு அருமணுக்கு நையோபியமும் தைத்தேனியமும் சேர்ந்து இரண்டு. இந்த இரண்டுக்கும் பொதுச்சூத்திரம் ஒன்றே, அடுக்குத்தான் வேறு. பொதுவாக இத்திரியம் யூக்செனைற்றையும் சீரியம் ஈஷினைற்றையும் விரும்பும். அடுக்கே குலைந்த கல்லில் அடுக்கை எங்கே தேடுவது? சூடாக்க வேண்டும், அணுக்கள் மறுபடி ஒழுங்காகும். ஆனால் திரும்பி வருவது பழைய அடுக்குத்தான் என்பதற்கு உத்தரவாதமில்லை. பெர்குசனைற்றை மிகையாகச் சூடாக்கி ஆறவிட்டால், நாற்கோண அடுக்குக்குப் பதில் ஒற்றைச்சாய்வு அடுக்கு வந்து நிற்கும். அதனால் எந்த வெப்பநிலையில் சூடாக்கினோம் என்று எழுதி வைக்காத அறிக்கையை நான் நம்புவதில்லை.

ரொட்னி யூவிங் என்ற அமெரிக்கர் 1970களில் இந்தக் கற்களோடு மல்லுக்கட்டினார். பிற்காலத்தில், இதேபோல் உள்ளிருந்து உதைக்கும் அணுக்கழிவை எந்தத் திண்மத்துக்குள் பூட்டுவது என்ற ஆராய்ச்சியில் முன்னணியில் நின்றவரும் அவரே. “இதால் என்ன பிரயோசனம்?” என்று முதல் நாளே கேட்டு நிதியை வெட்டுகிற நம் வழக்கத்தில் அவர் அகப்பட்டிருந்தால் அவ்வளவும் போயிருக்கும்.

கொக்கிளாய், புல்மோட்டைக் கனிய மணலில் இருக்கும் மொனசைற்றும் இப்படிக் குலைந்துதான் கிடக்குமா என்ற சந்தேகம் அடுத்து வரும். அதிலும் தோரியம் உண்டு, உதையும் உண்டு. ஆனால் அது பொசுபேற்று. அதன் அடுக்கு குறைந்த வெப்பநிலையிலேயே தன்னைத்தானே சீராக்கிக்கொள்ளும். அந்த மணலில் ஒரு மொனசைற் மணியைப் பொறுக்கி, சூடாக்காமலே எக்ஸ்-கதிருக்குக் காட்டினாலும் கோடுகள் கூராகவே விழும்.