பழைய ரிவால்வரா? முதலில் சைட்டைப் பாருங்கள்

செட்டிநாட்டு வீடுகளில் பங்கு பிரித்துச் சாமான் இறக்கும்போது, மங்குச் சட்டிகளுக்கும் பர்மாப் பெட்டிகளுக்கும் நடுவே கருமருந்து ரிவால்வர் ஒன்று அகப்படலாம். விலை கேட்க, பழம்பொருள் கடைகள் இருக்கும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். உரிமம் இல்லாமல் கொண்டுபோவதே வழக்காகிவிடும். அது எந்த வகை, அசலா நகலா என்பதை, கிடக்கிற இடத்திலேயே சைட்டை, அதாவது குறி பார்ப்பதற்கான முன், பின் அடையாளங்களைப் பார்த்து ஓரளவு சொல்லிவிடலாம்.

பின்னால் சுத்தி மாதிரி அடிக்கிற ஹேமரை மட்டும் இழுக்க வேண்டாம். கோல்ட் என்ற அமெரிக்க நிறுவனத்தின் வகையில் பின் சைட் ஹேமரின் மூக்கில் இருக்கிறது. இழுத்து நிறுத்தினால்தான் அது கண்ணுக்கு நேரே வரும் என்பதால், விவரம் தெரிந்தவர் கையும் அங்கேதான் போகும். ஹேமர் அடிக்கும் முனையான நிப்பிளில் கேப்பு (அடித்தால் பொறி தரும் சின்ன மூடி) இருந்து, குண்டு அடைக்கும் அறையில் ஈரம் படாத மருந்தும் இருந்தால் நூறு வருஷம் கழித்தும் வெடிக்கும். குழலுக்குள் குச்சி விட்டுப் பார்ப்பதிலும் பயனில்லை. குழலுக்கு நேரே நிற்கிற ஓர் அறையைத்தான் அது காட்டும்; மற்ற ஐந்தும் தெரியாது.

கோல்ட் 1851 நேவி என்ற மாடலுக்கு எட்டுப்பட்டைக் குழல், நுனியில் குண்டூசித் தலை மாதிரி சின்னப் பித்தளை மணி. 1860 ஆர்மிக்கு உருண்டைக் குழல், மணிக்குப் பதில் தட்டையான இதழ். இரண்டிலும், அறைகள் உள்ள உருளையான சிலிண்டருக்கு மேலே சட்டம் கிடையாது. கோளாறு இங்கேதான் ஆரம்பம். முன் சைட் இருக்கிற குழலைப் பிடித்திருப்பது ஓர் ஆப்பு. பின் சைட்டோ அசைகிற ஹேமரில். ஆப்பு தளர்ந்தால் முன்னது ஆடும், ஹேமர் திருகு தேய்ந்தால் பின்னது ஆடும்.

இன்னோர் அமெரிக்கத் தயாரிப்பான ரெமிங்டன் நியூ மாடல் ஆர்மியில் அந்த வம்பு இல்லை. குழலில் 1858 என்று பொறித்திருப்பது காப்புரிமை ஆண்டு. தயாரிப்பு 1863இல்தான் தொடங்கியது. சிலிண்டருக்கு மேலே ஓடும் சட்டத்தில் நீளமாக வெட்டிய காடியே பின் சைட். குழலும் சட்டத்தில் திருகி இறுக்கியது. பார்வைக்கு கோல்ட் அழகு, குறிக்கு ரெமிங்டன்.

கோல்ட் பொதுவாக 25 கஜத்தில் குறிக்கு மேலேதான் சுடும். முன் சைட் குட்டை. 9 அங்குலம் மேலே போகிறது, சைட்டுகளுக்கு இடையே 10 அங்குலம் என்று வையுங்கள். 25 கஜம் என்பது 900 அங்குலம். 9 × 10 ÷ 900 = 0.1 அங்குலம், அதாவது இரண்டரை மில்லிமீட்டர் முன் சைட்டை உயர்த்த வேண்டும். ஆகவே நேவியில் மணி இருக்க வேண்டிய இடத்தில் உயரமான இதழ் நின்றால், யாரோ பிற்பாடு மாற்றியிருக்கிறார்கள். உறையில் உரசி மழுங்கிய மணி நல்ல அடையாளம். அதைப் புளி போட்டுத் துலக்கிவிட்டால் அடையாளமும் போச்சு, விலையும் போச்சு.

ரெமிங்டன் சட்டத்தின் மேல் திருகால் நகர்த்தும் பின் சைட் தெரிந்தால் அது 20ஆம் நூற்றாண்டு நகல். அசலில் அது கிடையாது. குழலில் ‘பிளாக் பவுடர் ஒன்லி’ என்று பொறித்திருந்தாலும் அப்படியே. நகல்தானே என்று அலட்சியம் வேண்டாம், அதுவும் சுடும்.

ஆயுதச் சட்டம் 1959, பிரிவு 45(சி) விலக்களிப்பது, பழுது பார்த்தாலும் சுடவே முடியாத பழம்பொருளுக்குத்தான். பழசு என்பது மட்டும் போதாது. தாத்தா பெயரில் உரிமம் இருந்திருந்தாலும் அது பேரனுக்குத் தானாக வராது. பிரிவு 21இன்படி காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கி வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். முதலில் நிலையத்துக்குப் போன் செய்து, மருந்து இருக்கலாம் என்பதையும் சொல்லுங்கள். அவர்கள் வந்து எடுக்கும்வரை யாரும் தொட வேண்டாம்.