அந்த மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன்

மேலூர் பக்கத்திலிருந்து ஒரு தகப்பனார் கே.கே.நகரில் இருக்கும் என் அலுவலகத்துக்கு வந்திருந்தார். நெல்லும் கரும்பும் போடுகிற சம்சாரி. மகன் பொறியியல் இரண்டாம் ஆண்டு. விடுதியில் மூன்று நாளாகக் குளிக்கத் தண்ணீர் இல்லை என்று காலி வாளிகளைப் படம் எடுத்து வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டிருக்கிறான். மறுநாள் காலை துறைத்தலைவர் அறை, அங்கிருந்து முதல்வர் அறை. ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, சொல்லச் சொல்ல எழுத வைத்திருக்கிறார்கள். கல்லூரியின் நற்பெயரைக் கெடுக்கும் நோக்கத்துடன் பொய்த் தகவல் பரப்பினேன், எந்த நடவடிக்கை எடுத்தாலும் கட்டுப்படுகிறேன் என்று. அன்று மாலையே மூன்று வாரம் சஸ்பெண்ட். உத்தரவில் காரணம் ஒரே வரி: மாணவரே குற்றத்தை ஒப்புக்கொண்டுள்ளார்.

"மன்னிப்பு எழுதிக் குடுத்தா விட்டுருவாகன்னு நெனச்சோம் சார். நாந்தேன் போன்ல, எழுதிக் குடுத்துட்டு வாடான்னு சொன்னேன்." சொல்லும்போதே அவர் குரல் கம்மிவிட்டது.

உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004 ஜூலை 24 அன்று தொடங்கியதிலிருந்து இங்கே வழக்கு நடத்தி வருகிறேன். மாணவர் வழக்குக் கட்டைப் பிரித்தால் பெரும்பாலும் மேலே இருப்பது இந்த மாதிரி ஒரு கடிதம்தான். பின்னால் வரும் தண்டனையைவிட, பேசியது தப்பு என்று எழுதி வாங்குகிற அந்தப் பத்து நிமிடம்தான் பிள்ளைகளை அதிகம் உடைக்கிறது. வழக்கையும் அதுதான் கெடுக்கிறது.

அந்தப் பையன் செய்தது குற்றமா என்பதை முதலில் பார்ப்போம். அரசியலமைப்பின் 19(1)(அ) பிரிவு எல்லாக் குடிமக்களுக்கும் பேச்சுரிமை தருகிறது. அதைக் கட்டுப்படுத்தக்கூடிய காரணங்கள் 19(2)-இல் இருக்கின்றன: நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, பொது ஒழுங்கு, கண்ணியம், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றம் செய்யத் தூண்டுதல் என்று போகும். கல்லூரிக்குக் கெட்ட பெயர் வரும் என்பது அதில் இல்லை. அவதூறு இருக்கிறதே என்று கேட்பார்கள். தண்ணீர் வராததை வரவில்லை என்று சொல்வது எப்படி அவதூறு ஆகும்? இணையத்தில் புண்படுத்தும்படி எழுதினால் தண்டிக்க வழிசெய்த, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சில் ரத்து செய்தபோது, ஒரு கருத்தைப் பேசுவது வேறு, அதற்காக வாதாடுவது வேறு, குற்றத்துக்குத் தூண்டிவிடுவது வேறு என்று பிரித்துச் சொன்னது. முதல் இரண்டும் பிறருக்குப் பிடிக்காவிட்டாலும் உரிமைதான்.

என்னிடம் வருகிற பெற்றோருக்கு நான் தவறாமல் சொல்வது பிஜோ இம்மானுவேல் வழக்கு. கேரளத்தில் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர். தேசிய கீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நிற்பார்கள், ஆனால் அவர்கள் சமய நம்பிக்கை காரணமாக வாய்விட்டுப் பாடமாட்டார்கள். 1985 ஜூலையில் பள்ளியை விட்டு நீக்கினார்கள். கல்வித்துறையின் சுற்றறிக்கையைக் காட்டித்தான் நீக்கினார்கள். 1986 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. அந்தத் தீர்ப்பில் எனக்கு மிகவும் பயன்பட்டது இதுதான்: சட்டத்தின் பின்பலம் இல்லாத வெறும் துறைச் சுற்றறிக்கையை வைத்து அடிப்படை உரிமையைக் குறைக்க முடியாது. கல்வித்துறையின் சுற்றறிக்கைக்கே அந்த நிலை என்றால், சேரும்போது கையெழுத்து வாங்கிய விதிமுறைப் புத்தகத்தில் "நிர்வாகத்தை விமர்சிக்கக் கூடாது" என்று ஒரு வரி இருப்பதற்கு எவ்வளவு பலம் இருக்கும்?

தண்டனை கொடுப்பதற்கு முன் குற்றச்சாட்டை எழுத்தில் தந்து விளக்கம் கேட்கவேண்டும் என்பதும் புதிதல்ல. மாணவரின் தேர்வு முடிவை ரத்து செய்வதற்கு முன் அவர் தரப்பைக் கேட்டிருக்க வேண்டும் என்று 1962-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தனியார் கல்லூரி என்றால் கேட்க முடியாது என்கிற பயமும் வேண்டாம். பொதுக் கடமையைச் செய்கிற தனியார் கல்லூரி மீதும் உயர் நீதிமன்றத்தில் நேரடியாக ரிட் மனு போடலாம் என்று 1989-இல் தீர்ப்பு வந்திருக்கிறது.

பள்ளிப் பிள்ளைகள் விஷயத்தில் சட்டம் இன்னும் தெளிவு. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவுப்படி, எட்டாம் வகுப்பு முடிக்கும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு நீக்க முடியாது. "டி.சி.யைக் கிழிச்சுக் குடுத்துருவோம்" என்று ஏழாம் வகுப்புக் குழந்தையை மிரட்டினால், பெற்றோர் பயப்படாமல் அந்தப் பிரிவைச் சொல்லுங்கள்.

ஆசிரியர்களும் வருகிறார்கள். அவர்கள் நிலைமை இன்னும் சிக்கல். ஜெர்மனி 1949-இல் எழுதிய அரசியலமைப்பில், ஆய்வும் கற்பித்தலும் சுதந்திரமானவை என்று நேரடியாக ஒரு வரி இருக்கிறது. நம் அரசியலமைப்பில் அப்படித் தனியாக எதுவும் இல்லை, பேச்சுரிமையை வைத்துத்தான் வாதாட வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் உதவிப் பேராசிரியை ஒருவர் மெமோவோடு வந்தார். பஞ்சாயத்து ராஜ் பாடம் நடத்தும்போது 1997-இல் மேலவளவில் பட்டியல் சாதியைச் சேர்ந்த ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடனிருந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டதைச் சொல்லியிருக்கிறார். பாப்பாபட்டி, கீரிப்பட்டியில் 1996 முதல் பத்து ஆண்டுகள் தனித்தொகுதித் தேர்தலை நடத்த முடியாமல் போனதையும் சொல்லியிருக்கிறார். "வகுப்பில் சாதிப் பகையைத் தூண்டினார்" என்று யாரோ புகார் போட்டுவிட்டார்கள். மதுரையில் உட்கார்ந்துகொண்டு ஊராட்சி இட ஒதுக்கீட்டைப் பாடம் எடுப்பவர் இந்த ஊர்ப் பெயர்களைச் சொல்லாமல் வேறு எதைச் சொல்வார்? வருத்தம் தெரிவித்து எழுதிக் கொடுத்தால் முடித்துவிடலாம் என்று நிர்வாகத்தில் அவரிடமும் சொன்னார்கள். அவர் எழுதவில்லை. பாடத்திட்டத்தின் எந்த அலகு, அன்று என்ன நடத்தினார், ஏன் நடத்தினார் என்று இரண்டு பக்கத்துக்கு விளக்கம் கொடுத்தார். மெமோ அதோடு நின்றது.

கீழடியிலும் இதைத்தான் பார்த்தோம். அங்கே அகழாய்வு நடத்திய தொல்லியலாளர் அமர்நாத் ராமகிருஷ்ணா 982 பக்க அறிக்கையை 2023 ஜனவரியில் கொடுத்தார். 2025 மே மாதம் அதைத் திருத்தித் தரும்படி இந்தியத் தொல்லியல் துறை திருப்பி அனுப்பியபோது, தன் காலக்கணிப்பு சான்றுகளின் அடிப்படையிலானது என்று எழுத்திலேயே பதில் சொன்னார். எழுத்துக்கு எழுத்து, அவ்வளவுதான். பின்னால் யார் எப்போது படித்தாலும் அது பேசும்.

கல்லூரி முதல்வர்கள் எல்லோரும் கொடுமைக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. பலரோடு பேசியிருக்கிறேன். வெளியிலிருந்து ஒரு போன் வந்துவிட்டால் அவர்களும் கை நடுங்கித்தான் போகிறார்கள். 2015 மே 22 அன்று சென்னை ஐஐடி அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டம் என்ற மாணவர் அமைப்பின் அங்கீகாரத்தைப் பறித்ததே, அதன் தொடக்கம் பெயர் போடாத ஒரு புகார்க் கடிதம்தான். மாணவர்கள் விடாமல் கேட்டார்கள், ஜூன் 7 அன்று அங்கீகாரம் திரும்பக் கிடைத்தது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லவேண்டும். உடன் படிக்கும் பெண்ணின் படத்தைப் போட்டுக் கேவலமாக எழுதியவனும், சாதியைச் சொல்லி இழிவுபடுத்தியவனும் கருத்துச் சுதந்திரம் என்று என்னிடம் வந்திருக்கிறார்கள். அந்த வாதத்தை நான் எடுப்பதில்லை. அங்கே பாதிக்கப்பட்ட இன்னொரு பிள்ளை இருக்கிறது.

சரி, முதல்வர் அறைக்குக் கூப்பிட்டால் என்ன செய்வது? மரியாதையாகப் பேசுங்கள். "குற்றச்சாட்டை எழுத்தில் கொடுங்கள் சார், அப்பா அம்மாவிடம் பேசிவிட்டு எழுத்தில் பதில் தருகிறேன்" என்பதோடு நிறுத்துங்கள். அந்த ஸ்டேட்டஸையோ பதிவையோ பயத்தில் அழித்தாலும், அதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அறையில் யார் யார் இருந்தார்கள், எத்தனை மணி என்று அன்றைக்கே குறித்துக்கொள்ளுங்கள். அசல் சான்றிதழ்களைத் தரமாட்டோம் என்று மிரட்டினால், உயர்கல்வி நிறுவனங்கள் அவற்றைப் பிடித்துவைக்கக் கூடாது என்று யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018-இலேயே சொல்லியிருப்பதை நினைவுபடுத்துங்கள்.

அப்புறம், யுஜிசியின் 2023 விதிமுறைப்படி கல்லூரியில் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்கவேண்டும். புகார் கொடுத்த 15 வேலை நாளில் அது அறிக்கை தரவேண்டும். அதில் திருப்தி இல்லையென்றால் அடுத்த 15 நாளுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். தேர்வு நெருங்குகிறது, சஸ்பெண்ட் ஆன நாட்களால் வருகைப்பதிவு குறைந்து, அந்தக் குறைவுக்கான கண்டனேஷன் கட்டணம் கட்டினாலும் தேர்வு எழுத முடியாது என்கிற நிலை வந்தால் மட்டும், காத்திருக்காமல் உயர் நீதிமன்றத்தில் இடைக்கால உத்தரவு கேட்டு வாருங்கள்.

ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டவர்களும் இடிந்துபோக வேண்டாம். மேலூர்ப் பையனுக்கு அன்று சாயங்காலம் என் மேசையில் உட்கார்ந்தே ஒரு கடிதம் எழுதினோம். முதல்வருக்கு மின்னஞ்சலில் ஒன்று, ஸ்பீடு போஸ்டில் ஒன்று. ஒன்பதாம் நாள் சஸ்பெண்ட் உத்தரவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். தேவைப்படுகிறவர்கள் அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

"நேற்று காலை தங்கள் அறையில் நான் எழுதிய கடிதம், பிறர் சொல்லச் சொல்ல, அச்சத்தின் பேரில் எழுதியது. அதைத் திரும்பப் பெறுகிறேன். என் மீதான குற்றச்சாட்டை எழுத்தில் தந்தால், ஏழு நாட்களுக்குள் என் விளக்கத்தைத் தருகிறேன்."

தேதியும் நேரமும் போட்டு, விடியும்வரை காத்திருக்காமல் அன்று இரவே அனுப்பிவிடுங்கள்.