துண்டான காட்டில் தானியங்கி கேமரா

துண்டுதுண்டாகிப்போன காட்டில் இரைகொல்லிகளைக் கணக்கெடுக்கும்போது பெரும்பாலான பிழைகள் வரைபடத்திலேயே தொடங்கிவிடுகின்றன. காட்டின் எல்லைக்குள் மட்டும் கட்டம் போட்டு, விலங்கு கடந்தால் தானே படமெடுக்கும் கேமராவை ஒவ்வொரு துண்டாக வைத்து, கடைசியில் எண்ணிக்கைகளைக் கூட்டுகிறார்கள். ஒரு சிறுத்தை ஒரே இரவில் இரண்டு துண்டுகளையும் நடுவிலுள்ள தோட்டத்தையும் கடந்துவிடும். கூட்டலில் அது இரண்டாகிவிடும். அதனால் எல்லாத் துண்டுகளிலும் ஒரே காலத்தில் கேமரா இருக்க வேண்டும். இடையிலுள்ள ஓடைக்கரை, வேலி இடைவெளி, சாலைக்கு அடியில் ஓடும் மதகு ஆகியவற்றையும் விடக்கூடாது. ஒரு பெண் விலங்கின் வாழிட எல்லை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அதற்குள் இரண்டு நிலையங்களாவது (கேமரா கட்டும் இடங்கள்) விழும்படி இடைவெளி வையுங்கள்.

புலி, சிறுத்தைக்கு நிலையத்துக்கு இரண்டு கேமரா தேவை. புலியின் வரிகளும் சிறுத்தையின் புள்ளிகளும் இடப்பக்கம் வேறு, வலப்பக்கம் வேறு. ஓரிடத்தில் இடப்பக்கப் படமும் வேறோரிடத்தில் வலப்பக்கப் படமும் மட்டும் கிடைத்தால், இருப்பது ஒரு விலங்கா இரண்டா என்றே தெரியாது. தரையிலிருந்து 40 முதல் 50 சென்டிமீட்டர் உயரம், பாதையிலிருந்து 3 முதல் 4 மீட்டர் தூரம் போதும். இரண்டையும் நேருக்கு நேர் கட்டாமல் சற்றுத் தள்ளிக் கட்டுங்கள். இல்லையேல் ஒன்றின் ஃப்ளாஷ் மற்றொன்றின் படத்தை வெளுக்கச் செய்துவிடும்.

சென்சார் விலங்கைப் பார்ப்பதில்லை. சுற்றுப்புறத்திலிருந்து மாறுபட்ட வெப்பம் நகர்வதைத்தான் உணர்கிறது. விலங்கு குறுக்கே நடந்தால் எளிதில் இயங்கும், நேராக வந்தால் தாமதிக்கும். கொதிக்கும் மதியத்தில் தரையும் விலங்கின் உடலும் ஏறத்தாழ ஒரே சூட்டில் இருந்தால் இயங்காமலே போகலாம். வெயிலில் ஆடும் புல் இருந்தால் இதற்கு நேர்மாறு: ஆயிரக்கணக்கில் வெற்றுப்படங்கள் சேர்ந்து நினைவக அட்டை நிரம்பிவிடும்.

அகச்சிவப்பு ஃப்ளாஷ் கண்ணை உறுத்தாது, ஆனால் இரவில் நடக்கும் விலங்கின் வரிகளைக் கலங்கடிக்கும். வெள்ளை ஃப்ளாஷ் தெளிவானது. ஆள் நடமாட்டமுள்ள துண்டில் திருடனுக்கு வழிகாட்டும். கருஞ்சிறுத்தைக்கு அகச்சிவப்புதான் சரி. மலேசியாவில் கேமராக்களை அகச்சிவப்பு நிலையிலேயே இயங்கவைத்து, கருப்புத் தோலில் மறைந்திருந்த புள்ளிகளைக் கொண்டே ஆய்வாளர்கள் ஒவ்வொரு சிறுத்தையையும் பிரித்தறிந்தார்கள்.

கட்டி முடித்ததும், கேமரா இயங்குகிறதா என்று அறிய அதன் முன்னால் தவழ்ந்து கடந்து பாருங்கள். நிலைய எண்ணும் தேதியும் எழுதிய பலகையை முதல் படமாக எடுங்கள். கடிகாரத்தில் காலை, மாலை மாறியிருந்தால் இரவாடி பகலாடியாகிவிடும். இது நம்ப முடியாத அளவுக்கு அடிக்கடி நடக்கிறது. பழைய பேட்டரியோடு புதியதைக் கலக்காதீர்கள். கேமராவுக்குள் எறும்பு கூடுகட்டும், ஈரமும் சேரும்; ஈரத்துக்குச் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள்.

படமே விழவில்லை என்றால்? ஓர் இரவில் பதிவாகும் வாய்ப்பு 2 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 60 இரவு கழிந்த பிறகும், அங்கே வாழும் விலங்கு ஒருமுறைகூடச் சிக்காமல் போக ஏறத்தாழ 30 சதவீத வாய்ப்பு உண்டு. அதை 5 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர 149 இரவுகள் வேண்டும். இந்தக் கணக்கைப் போடாமல் "இங்கே இல்லை" என்று அறிக்கை எழுதினால், அடுத்து அந்தத் துண்டைச் சாலைக்கோ சுரங்கத்துக்கோ கேட்பவர் அதைத்தான் மேற்கோள் காட்டுவார். படங்களின் எண்ணிக்கையை விலங்குகளின் எண்ணிக்கையாக எழுதுவதும் இதே வகைத் தவறு.

விறகெடுக்க வருபவர்களின் படங்களைப் பிரித்து அழித்துவிடுங்கள். புலிப் படத்தை வெளியிடுமுன் கோப்பில் பதிந்துள்ள இடக்குறிப்பை நீக்குங்கள். பின்னணியில் அடையாளம் காணத்தக்க பாறையோ பாலமோ இருந்தால் அதையும் வெட்டிவிடுங்கள்.