ஆய்வேட்டோடு மட்டும் வராதீர்கள்

ஆய்வுகளை எவரும் இணையத்தில் இலவசமாகப் படிக்கவைக்கும் திறந்த ஆய்வுக் களஞ்சியத்தில் எதையெல்லாம் சேர்க்கலாம் என்று விரிவுரையாளர்களைக் கேட்டால், சஞ்சிகையில் வந்த கட்டுரை என்பார்கள். மாணவர்களைக் கேட்டால், பைண்ட் பண்ணிய ஆய்வேடு என்பார்கள். இரண்டும் சரிதான். ஆனால் இலங்கையின் கிழக்கில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் இந்த வேலையைப் பார்க்கும் எனக்குத் தெரிந்தவரை, தேடி வருகிறவர்கள் பலர் கேட்பது வேறு. மட்டக்களப்பு வாவித் தண்ணீரில் எடுத்த அளவீடுகள், கூத்துப் பழக்கும் ஓர் அண்ணாவியாரின் ஒலிப்பதிவு, முந்தி எப்போதோ ஓர் ஆய்வரங்கில் வாசித்து அதோடு காணாமல்போன ஒரு பக்கச் சுருக்கம், யாரோ தயாரித்த வினாக்கொத்து. ஆய்வு செய்தவர் மிச்சம் மீதி என்று ஒதுக்கிவைத்த சாமான்கள்.

கூத்தை எடுத்துக்கொள்வோம். வடமோடி, தென்மோடி என்ற இரண்டு கூத்து வகைகள் பற்றிய ஆய்வேடுகளுக்கு மட்டக்களப்பில் குறைவில்லை. ஒரு மாணவி தன் ஆய்வேட்டில் "அண்ணாவியார் ஆட்டத்தைத் திருத்தினார்" என்று ஒரு வரி எழுதியிருந்தார். அந்த வரிக்குப் பின்னால் அவருடைய போனில் ஒரு வீடியோ இருந்தது. அண்ணாவியார் மத்தளத்தை நிறுத்துகிறார். தாளக்கட்டை வாயால் சொல்லுகிறார். "காலை முதல்ல வை, பிறகு திரும்பு" என்று ஆடுகிற பையனை மறுபடி மறுபடி ஆடவைக்கிறார். கால் சரியாக விழுந்ததும் பாராட்டு ஒன்றும் இல்லை, மத்தளம் அடுத்த தருவுக்கு (பாட்டுக்கு) போய்விடுகிறது. பழக்குவது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல சான்று அந்த ஆய்வேட்டின் வேறெந்தப் பக்கத்திலும் இல்லை. போனை மாற்றினால் அழிந்துபோகும் அந்தப் பதிவோடு ஊர், கூத்தின் பெயர், எந்த மோடி, பதிவுசெய்த திகதி, யார் பழக்கினார், அவருடைய சம்மதம் ஆகிய விபரங்களையும் எழுதிச் சேர்த்தால் அது ஆய்வுப் பொருள். சேர்க்காவிட்டால் யாரோ எங்கோ ஆடும் ஒரு வீடியோ.

விஞ்ஞானப் பக்கம் பிரச்சினை வேறு மாதிரி. வாவியின் உவர்த்தன்மையை மாதாமாதம் அளந்த மாணவர், ஆய்வேட்டில் சராசரிகளை மட்டும் ஒரு சலாகை வரைபாகப் போட்டிருப்பார். அடுத்த அணியில் வரும் பிள்ளைக்கு வேண்டியது அந்த மூல எண்கள். வரைபின் மேல் அடிமட்டத்தை வைத்து அளந்து எண்களைத் திரும்ப எடுக்க முயலும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். எக்செல் ஃபைல் கிடைத்தாலும் பாதி வேலைதான் முடிந்தது. நிரல்களுக்கு எஸ் 1, எஸ் 2, எஸ் 3 என்று தலைப்பு இருக்கும். எஸ் 1 கல்லடிப் பாலத்தின் கீழா, பாலமீன்மடுப் பக்கமா? எண்கள் எந்த அலகில்? அந்த மாதம் வாவி கடலோடு சேரும் முகத்துவாரம் மண்மேடிட்டு அடைபட்டிருந்ததா, வெட்டித் திறந்திருந்ததா? இந்த வாவியில் அது தெரியாமல் உவர்த்தன்மை எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அரைப் பக்க விளக்கக் குறிப்பு ஒன்றை ஃபைலோடு சேர்த்துவிட்டால் போதும். எக்செல்லோடு, எண்களைக் காற்புள்ளியால் பிரித்து வைக்கும் சிஎஸ்வி வடிவிலும் ஒரு பிரதி வைத்தால் இன்னும் நல்லது. அதைத் திறக்க எந்தக் கம்பனியின் மென்பொருளும் வேண்டியதில்லை.

எதிர்பார்த்த பலன் தராத பரிசோதனைகளும் இந்த வகையில் சேரும். சஞ்சிகைகள் அவற்றை விரும்பி ஏற்பதில்லை, களஞ்சியத்துக்கு அந்தத் தயக்கம் கிடையாது. அம்பாறை வயல்களில் ஓர் உரம் எடுபடவில்லை என்ற முடிவு, அதே உரத்தை மறுபடியும் போட்டுப் பார்க்கப் போகிறவருக்கு ஒரு போகத்தை மிச்சப்படுத்தும்.

அடுத்தது, எந்தக் கடையிலும் விலைக்கு வராத அறிக்கைகள். 1978 நவம்பர் சூறாவளி, 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை, 2011 ஜனவரி வெள்ளம் என்று இந்தக் கரையோரம் அடிவாங்கிய ஆண்டுகளை நாங்கள் மறப்பதில்லை. ஆழிப்பேரலைக்குப் பிறகு வந்த தொண்டு நிறுவனங்கள் கணக்கெடுப்பு, தேவை மதிப்பீடு, திட்ட அறிக்கை என்று எழுதிக் குவித்தன. திட்டம் முடிந்ததும் அலுவலகம் மூடப்பட்டது, இணையத்தளமும் போனது. அந்த அறிக்கைகளில் வேலை செய்த எங்கள் ஆட்கள் இன்னும் கல்முனையிலும் மட்டக்களப்பிலும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டு அலுமாரியில் ஒரு பிரதியாவது இருக்கக்கூடும். வெளியிட உரிமை யாருக்கு என்று கேட்டுத் தெளிந்துகொண்டு அதைச் சேர்ப்பது, புதிதாக இன்னொரு ஆய்வு எழுதுவதற்குச் சற்றும் குறைந்த வேலையல்ல என்பது என் கட்சி.

உலகளவில் இது ஒன்றும் புதுமையில்லை. கட்டுரை அச்சாகும் முன்பே பகிர்ந்துகொள்வதற்காக இயற்பியலாளர்கள் 1991இல் தொடங்கிய ஆர்க்கைவ் தளம் இன்றும் ஓடுகிறது. எம்ஐடியும் எச்பி நிறுவனமும் சேர்ந்து 2002இல் வெளியிட்ட டிஸ்பேஸ் மென்பொருளில்தான் இலங்கைப் பல்கலைக்கழகங்கள் பலவற்றின் களஞ்சியங்கள் இயங்குகின்றன. ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் களஞ்சியத்தைத் திறந்து பாருங்கள், ஆய்வரங்கக் கட்டுரைகள் சஞ்சிகைக் கட்டுரைகளோடு பக்கத்தில் இருக்கும், தமிழில் எழுதியவையும் இருக்கும்.

தமிழில் எழுதியவை என்றதும் பாமினியைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. எங்கள் பழைய ஆய்வேடுகளில் கணிசமானவை பாமினி எழுத்துருவில் தட்டெழுதப்பட்டவை. திரையில் அழகாகத் தமிழ் தெரியும். ஆனால் கணினிக்குள் இருப்பது தமிழ் இல்லை. "தமிழ்" என்ற சொல்லைப் பிரதிசெய்து வேறோர் இடத்தில் ஒட்டினால் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று ஆங்கில எழுத்துகள் வந்து விழும். கூகுளும் அதைத்தான் படிக்கும். இப்படிப்பட்ட ஆய்வேட்டைத் திறந்த களஞ்சியத்தில் போட்டுவிட்டு, யாரும் இறக்கிப் படிக்கவில்லையே என்று கவலைப்படுவதில் பிரயோசனம் இல்லை. தலைப்பையும் சுருக்கத்தையும் குறிச்சொற்களையுமாவது எல்லாக் கணினிகளும் தமிழாகவே படிக்கும் யூனிகோடில் தனியாகத் தட்டெழுதிக் கொடுங்கள், தேடலில் அகப்படும். மூல வேர்ட் ஃபைல் இருந்தால் முழுவதையும் எழுத்துரு மாற்றும் மென்பொருளில் போட்டு யூனிகோடாக்கலாம். பிறகு ஒருமுறை வாசித்துப் பார்க்கத்தான் வேண்டும். நடுவில் ஆங்கிலத்தில் இருந்த உசாத்துணைப் பட்டியலையும் அந்த மென்பொருள் தமிழ் என்று நினைத்துக் கடித்துக் குதறியிருக்கும்.

"இப்படித் திறந்து போட்டால் களவெடுத்துப்போடுவாங்களே மிஸ்?" இதைக் கேட்காத ஆள் இல்லை. களவெடுக்க நினைப்பவனுக்கு அலுமாரியில் இருக்கும் பிரதிதான் வசதி, ஒப்பிட்டுப் பார்க்க ஆளில்லை. களஞ்சியத்தில் உங்கள் பெயரும் திகதியும் நிலையான இணைப்பும் பதிவாகிவிடுவதால் யார் முதலில் செய்தது என்பதில் சண்டைக்கு இடமில்லை. உங்கள் ஆக்கத்தைப் பிறர் எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமம் எதைத் தெரிவுசெய்தாலும் பெயரைக் குறிப்பிடும் நிபந்தனை பெரும்பாலும் அதில் உண்டு. சஞ்சிகையில் வந்த கட்டுரை என்றால் ஒப்பந்தத்தை எடுத்து வாசியுங்கள். வெளியீட்டாளர் வடிவமைத்த பிரதியை அனுமதிக்காவிட்டாலும், திருத்தங்கள் முடிந்து ஏற்கப்பட்ட உங்கள் கையெழுத்துப்படியைப் பல சஞ்சிகைகள் அனுமதிக்கின்றன, சில வேளை ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து. இதற்குக் காசு கட்டத் தேவையில்லை. "திறந்த அணுக்கம்" (ஓப்பன் அக்சஸ்) என்ற பெயரில் கட்டுரை வெளியிட டொலர் கேட்டு வரும் மின்னஞ்சல்களுக்கும் களஞ்சியத்துக்கும் சம்பந்தமே இல்லை.

ஒன்றில் மட்டும் நான் கண்டிப்பு. எல்லாவற்றையும் எல்லாருக்கும் திறக்கக் கூடாது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாரிடம் எடுத்த நேர்காணல், இடம்பெயர்ந்த குடும்பங்களின் வீட்டு விபரம், நோயாளிகளின் பதிவு இவற்றைக் கொண்டுவந்தால் முதலில் சம்மதப் படிவத்தைக் கேட்பேன். பெயரை எடுத்துவிட்டேன் என்பது போதாது. சின்ன ஊரில் வயதும் தொழிலும் கோயிலடி ஒழுங்கையும் சேர்ந்தால் ஆளைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் செல்லாது. இத்தகைய ஆய்வில் வினாக்கொத்தையும் செய்முறையையும் திறந்து வைக்கலாம், நேர்காணலை மூடிவைக்கலாம். அப்படி ஒன்று இருக்கிறது, இன்னாரிடம் அனுமதி கேட்கலாம் என்ற விபரப் பதிவு மட்டும் வெளியே தெரியும். களஞ்சிய மென்பொருளில் இதற்கு வசதி இருக்கிறது.

பல்கலைக்கழகத்தோடு தொடர்பில்லாத ஆசிரியர்கள், உத்தியோகத்தர்கள் எங்கே போடுவது? ஐரோப்பாவின் செர்ன் இயற்பியல் ஆய்வுகூடம் 2013 முதல் நடத்திவரும் செனோடோ என்ற களஞ்சியம் எவரிடமும் கட்டணம் வாங்குவதில்லை, தரவு, மென்பொருள் நிரல், போஸ்டர், வீடியோ எதற்கும் அதை எப்போதும் கண்டுபிடிக்க உதவும் நிலையான டிஓஐ அடையாள எண் தரும். (அலெக்சாந்திரியா நூலகத்தின் முதல் நூலகர் செனோடோட்டசின் பெயர் அது. நூலகர் ஒருவரின் பெயரை வைத்திருப்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை.) கூத்து ஏட்டுக் கொப்பிகள், கோயில் மலர்கள், பாடசாலை ஆண்டு மலர்கள் போன்றவற்றுக்கு 2005இல் தொடங்கிய இலங்கைத் தமிழ் எண்ணிம நூலகமான நூலகம் திட்டம் இருக்கிறது. ஒலி, ஒளிப்பதிவுகளுக்கும் புகைப்படங்களுக்கும் அவர்களே ஆவணகம் என்ற தளத்தை நடத்துகிறார்கள். கொப்பி பழுதாகிறதே என்று தாள்களைக் கழற்றி லெமினேட் மட்டும் பண்ணிவிடாதீர்கள். அந்தப் பிளாஸ்டிக்கைப் பிறகு உரிக்க முடியாது, ஸ்கேன் செய்தால் வெளிச்சம் பட்டு எழுத்தும் மறையும். இருக்கிறபடியே ஒரு கடதாசி உறையில் போட்டுக் கொண்டுவாருங்கள்.