உடன்கற்றல்: ‘பியரகாஜி’க்கு ஒரு தமிழ்ச் சொல்

ஒரே பொருளைக் கற்க விரும்புவோர், ஆசிரியர் எவரும் முன்னின்று நடத்தாமல், தமக்குள் கூடித் தெரிந்ததைச் சொல்லியும் தெரியாததைக் கேட்டும் கற்கும் முறைக்கு ஆங்கிலத்தில் ‘பியரகாஜி’ என்றொரு பெயர் உண்டு. 2012ஆம் ஆண்டில் அமெரிக்க எழுத்தாளர் ஹோவர்ட் ரைன்கோல்டு கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் ஆற்றிய உரையை ஒட்டி இச்சொல் பரவியது. ஒத்த நிலையினரைக் குறிக்கும் ‘பியர்’, சமம் என்னும் பொருளுடைய இலத்தீன் ‘பார்’ என்பதிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. அதனுடன், கற்பித்தலியலைக் குறிக்கும் ‘பெடகாஜி’யின் பின்பாதியை ஒட்டியிருக்கிறார்கள்.

அந்தப் பின்பாதியில்தான் சிக்கல் இருக்கிறது. பண்டைக் கிரேக்கத்தில் ‘பைடகோகோஸ்’ எனப்பட்டவர் பாடம் சொல்லும் ஆசான் அல்லர். சிறுவனைப் பள்ளிக்கு அழைத்துச் சென்று திரும்பக் கொண்டுவந்துவிடும் அடிமை. ‘பைஸ்’ என்றால் குழந்தை, ‘அகோகோஸ்’ என்றால் நடத்திச் செல்பவர். சமமானவர்களைக் குறிக்க வந்த சொல்லுக்குள் நடத்திச் செல்பவர் ஒருவரும் புகுந்துவிட்டார். தமிழாக்கத்தில் அவரையும் சுமந்து வர வேண்டியதில்லை என்பதே என் எண்ணம்.

இக்கருத்து தமிழுக்குப் புதிதன்று. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரம், ஆசான் சொன்னதை நன்றாகக் கேட்டுக்கொண்டாலும் மாணவனுக்குக் கால்பங்கு புலமையே வாய்க்கும் என்கிறது. ‘அவ்வினை யாளரொடு பயில்வகை ஒருகால்’, அதாவது உடன் பயில்வோரோடு பழகுவதால் மற்றொரு கால். பிறருக்குச் செம்மையாக எடுத்துரைப்பதால் எஞ்சிய அரை. நூலுக்குப் பாயிரம் சொல்லத் தகுதியுடையோரை வரிசைப்படுத்தும் இடத்திலும் ‘தன்னொடு கற்றோன்’ இடம்பெறுகிறான். ‘பியர்’ என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிட முடியுமா?

எடுத்துரைப்பதற்கு ஏன் அரைப்பங்கு என்பதை இரண்டு மாணவியரிடம் காணலாம். அரையைக் காலால் வகுக்க, ‘தலைகீழாக்கிப் பெருக்கு’ என்ற விதிப்படி இரண்டு என்று ஒருத்தி விடை எழுதிவிடுகிறாள். “வகுத்தால் குறையத்தானே வேண்டும், எப்படிக் கூடியது?” என்று தோழி கேட்க, விதி தெரிந்தவளிடம் பதில் இல்லை. ஒரு தாளைப் பாதியாக மடித்து, அந்தப் பாதிக்குள் எத்தனை கால்பங்குகள் அடங்கும் என்று இருவரும் எண்ணுகிறார்கள். கேட்டவளுக்கு விளங்கும் முன்பே சொன்னவளுக்கு விளங்கிவிடுகிறது.

‘குழுக் கற்றல்’ என்பது ஆட்களின் எண்ணிக்கையை மட்டுமே சொல்லும். ஆசிரியர் நடத்தும் வகுப்பிலும் குழுக்கள் உண்டு. ‘சகபாடி’ நல்ல சொல்தான், ஆனால் அது ஆளைக் குறிப்பது. சட்டாம்பிள்ளை முறையை இதனோடு சேர்க்கவே கூடாது. சட்டாம்பிள்ளை மாணவனே ஆனாலும் ஆசிரியரின் இடத்தில் நிற்பவன். ‘உடன்கற்றல்’ என்றால், உடன்பிறப்பு, உடன்பாடு ஆகியவற்றில் உள்ள ‘உடன்’ சமநிலையையும் சேர்க்கையையும் ஒருங்கே தந்துவிடுகிறது. அதிலிருந்து உடன்கற்போர், உடன்கற்குழு, உடன்கற்றலியல் என்ற சொற்களும் இயல்பாகக் கிளைக்கின்றன. ஆசிரியர் வகுப்பில் இருந்துகொண்டே மாணவரை ஒருவருக்கொருவர் விளக்கச் செய்யும் முறைக்கு ‘இணைக்கற்பித்தல்’ என்று தனியே வழங்கினால், இவ்விரண்டும் ஒன்றோடொன்று மயங்கா.