கருக்குக் கீறலா, சுருட்டைக் கடியா?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பதரை மணியளவில், மணமாகி எட்டு மாதமேயான ஓர் இளம் கணவனும் மனைவியும் எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தார்கள். மனைவியின் கையில் வண்ணக் காகிதம் சுற்றிய பரிசுப் பொதி இருந்தது. கணவர் வலது கைச் சுட்டுவிரலில் ஒரு கைக்குட்டையைச் சுற்றியிருந்தார். அது முழுவதும் இரத்தத்தில் ஊறியிருந்தது. "பனைமட்டைக் கருக்குக் கீறினது, டொக்டர். இரத்தம் நிக்குதில்லை, ஒரு கட்டுப் போட்டு விட்டால் போயிடுவம்" என்றார் அவர். "கருக்கு இல்லை, பாம்பு. நான் கண்டனான்" என்றார் மனைவி. விளையாட்டுக்கென்று போன இடத்தில் கடி வாங்கி, விளையாட்டை முடித்துக்கொண்டு ஆறுதலாக வைத்தியசாலைக்கு வந்தவர்களில், இந்த ஆண்டில் நான் பார்க்கும் மூன்றாமவர் அவர். அதனால்தான் இதை எழுதுகிறேன். ஆட்களை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அன்று நடந்தது ஒரு புதையல் வேட்டை. இணையராக மோட்டார் சைக்கிளில் சுற்றி, விடுகதைகளை அவிழ்த்து, ஒவ்வோர் இடத்திலும் ஒளித்து வைக்கப்பட்டிருக்கும் துண்டுச் சீட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். விடுகதைகளை ஆக்கியவர் கெட்டிக்காரர் என்பதை ஒப்புக்கொள்கிறேன். 'ப' எழுதிக் கல்லால் கட்டிய நீர் எது என்ற கேள்வி அவர்களை யாழ்ப்பாணத்து நல்லூர் யமுனா ஏரிக்கு அனுப்பியது. மேலே இனிப்பேன், ஆழத்தில் கரிப்பேன் என்றது நிலாவரைக் கிணற்றுக்கு. அங்கிருந்து வடமராட்சிக்கு வந்து, மணலைப் போர்த்து உறங்கும் ஆலயம் எது என்று மண்டையை உடைத்து, மணற்காட்டில் மணலுக்குள் அமிழ்ந்து கிடக்கும் பழைய அந்தோனியார் கோவிலைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆச்சிமார் போட்ட விடுகதை நொடிகளில் வளர்ந்த எனக்கு, இப்படி ஒரு விளையாட்டில் இளம் குடும்பங்கள் ஊரைச் சுற்றுவது மகிழ்ச்சியே. என் கோபம் விளையாட்டின் மீது அன்று. சீட்டை ஒளித்து வைத்த இடத்தின் மீதும், கடிபட்ட பிறகு கழிந்த மூன்றரை மணி நேரத்தின் மீதுமே.

கடைசிக்கு முந்திய சீட்டு, மணல் மேட்டோரத்து வடலி (இளம் பனை) ஒன்றின் கங்குமட்டைகளுக்கு இடையில் செருகப்பட்டிருந்தது. பொழுது மங்கும் நேரம். அடியில் காவோலை குவிந்து கிடந்திருக்கிறது. முதலில் யார் எடுப்பது என்று இருவருக்கும் செல்லமாக ஒரு போட்டி. கணவர் முந்திக்கொண்டு கையை உள்ளே விட்டார். சுருக்கென்று ஒரு வலி. விரலில் இரண்டு சிறு புள்ளிகளாக இரத்தம் பொட்டிட்டது. "இஞ்சாருங்கோ, காவோலைக்குள்ள ஏதோ நெளிஞ்சு போகுது" என்று மனைவி கத்தியிருக்கிறார். "நீர் சும்மா பயப்பிடாதையும், கருக்குத்தான்" என்பது கணவரின் பதில். பின்னர் சீட்டைப் படித்தார்கள். போட்டி விதிப்படி, அடுத்து வரும் இணையருக்காக அதே இடத்தில் அதைத் திரும்பவும் செருகினார்கள். கடைசி விடுகதையையும் அவிழ்த்து, முதலிடம் பெற்று, படம் எடுத்து, தேநீரும் வடையும் சாப்பிட்டு முடித்தார்கள். வீட்டுக்குப் போய் வாய் கொப்பளித்தபோது துப்பிய தண்ணீர் சிவப்பாக இருந்ததைக் கண்டதும்தான் மனைவியின் சொல் எடுபட்டது.

இத்தகைய கடிக்கு நாங்கள் செய்யும் முதற் பரிசோதனை மிக எளியது. நோயாளியின் இரத்தத்தில் சிறிதளவை ஒரு கண்ணாடிக் குழாயில் எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் வைத்திருந்து, பின்னர் ஒரு முறை சரித்துப் பார்ப்போம். உறைந்திருக்க வேண்டும். அவருடைய இரத்தமோ தண்ணீராகவே ஓடியது. (குழாய் புதியதாகவும் உலர்ந்ததாகவும் கண்ணாடியால் ஆனதாகவும் இருக்க வேண்டும், சவர்க்காரத்தில் கழுவிய குழாயும் பிளாஸ்டிக் குழாயும் பொய் சொல்லும். இதைப் பயிற்சி மருத்துவர்களுக்கு எத்தனை முறை சொன்னாலும் போதாது.) மனைவி தூரத்தில் நின்று கைபேசியில் எடுத்திருந்த மங்கலான படத்தைப் பெருப்பித்துப் பார்த்தபோது, தலையில் அம்புக்குறி போன்ற வெண்ணிற அடையாளம் தெரிந்தது. சுருட்டை என்னும் சிறிய விரியன் பாம்பு.

இனி, என்னை மிகவும் வருத்தும் தவறான எண்ணத்துக்கு வருகிறேன். "கடித்து ஒரு மணித்தியாலம் ஆயிற்று, எனக்கு ஒன்றும் செய்யவில்லை, ஆகவே விஷம் ஏறவில்லை" என்பதே அது. இதைப் படித்தவரும் சொல்கிறார், படிக்காதவரும் சொல்கிறார். பாம்பு கடித்தால் ஆள் உடனே வாயில் நுரை தள்ளி விழவேண்டும் என்று திரைப்படங்கள் எங்களுக்குப் பழக்கிவிட்டன. எட்டடி விரியன் என்ற பெயரைக் கேட்டு, கடிபட்டவர் எட்டடி வைப்பதற்குள் விழுந்துவிடுவார் என்று நம்புகிறவர்கள், ஒன்பதாவது அடியை நலமாக எடுத்து வைத்ததும் ஆபத்துத் தாண்டிவிட்டது என்று முடிவு செய்கிறார்கள். உண்மையில் அந்தப் பாம்பின் கடியில் பெரும்பாலும் வலியும் இராது, வீக்கமும் இராது. சில மணி நேரம் கழித்து இமைகள் தாமாகவே கீழே இறங்கும், அதன் பின் மூச்சுத் தசைகள் ஓயும். சுருட்டையின் கடியிலும் கண்ணாடி விரியன் எனப்படும் முத்திரைப் புடையனின் கடியிலும், இரத்தம் உறையும் தன்மையை இழந்துவிட்ட பிறகுகூட ஒருவர் நடந்து திரிவார், சிரிப்பார், மோட்டார் சைக்கிள் ஓட்டுவார், விடுகதையும் அவிழ்ப்பார். இரத்தம் உறையாமல் இருப்பதை உடல் உங்களுக்கு உணர்த்தாது. ஏதாவது ஓரிடத்தில் கசியத் தொடங்கும்போதுதான் தெரியவரும். அந்த இடம் பல் முரசாக இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. மூளையாக இருந்தால் எங்களால் செய்யக்கூடியது மிகக் குறைவு. ஆகவே, "நான் நன்றாக இருக்கிறேன்" என்பது பரிசோதனை முடிவு ஆகாது. கண்ணாடிக் குழாயும் 20 நிமிடமும் சொல்வதே முடிவு. அதுவும் ஒரு தடவை சரியாக இருந்தால் போதாது, திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். பாம்பு கடித்தது என்று சந்தேகிக்கப்படும் ஒருவரை, எந்தக் குறியும் இல்லாவிட்டாலும், குறைந்தது 24 மணி நேரம் வைத்தியசாலை விடுதியில் வைத்துப் பார்ப்பது இதற்காகத்தான். "சும்மா மறித்து வைத்திருக்கிறார்கள்" என்று கோபித்துக்கொண்டு கையெழுத்திட்டுப் போகிறவர்கள் இந்தப் பந்தியை இன்னொரு முறை படிக்க வேண்டும்.

இதற்கு அடுத்த எண்ணம், "குட்டிப் பாம்புதானே" என்பது. சுருட்டை வளர்ந்தாலும் பெரும்பாலும் ஓர் அடிக்குச் சற்றுக் கூடுதலான நீளமே இருக்கும்; அதைக் குட்டி என்று நினைப்பது அதன் உருவத்தால் வரும் ஏமாற்றம். பகலில் கல்லுக்கும் ஓலைக்கும் மரப்பட்டைக்கும் அடியில் ஒடுங்கிக் கிடந்து, பொழுது சாய்ந்ததும் வெளியே வரும். வறண்ட மணற்பாங்கான கரையோரம் அதன் வீடு. ஆகவே குடாநாட்டில் அதைக் காண்பதில் வியப்பு இல்லை. தொந்தரவு செய்தால் உடலை மடித்து, செதில்களை ஒன்றோடொன்று உராய்ந்து, வாள் அறுப்பது போன்ற ஓர் ஓசையை எழுப்பும். அந்த எச்சரிக்கையைக் கேட்கும் அளவுக்கு அமைதியாக யாரும் புதையல் தேடுவதில்லை. எங்கள் தீவில் சுருட்டைக் கடியால் இறப்பவர்கள் அரிது என்பது உண்மைதான். ஆனால் முத்திரைப் புடையனின் குட்டியும் ஏறக்குறைய அதே அளவில், விஷத்துடனேயே பிறக்கிறது. மங்கல் வெளிச்சத்தில் இரண்டையும் பிரித்தறியும் கண் உங்களுக்கு இருக்கிறது என்று தயவுசெய்து நம்பாதீர்கள். எனக்கே அந்த நம்பிக்கை இல்லை.

விஷமுறிவு மருந்தைப் பற்றியும் ஒரு சொல். இந்தியாவில் தயாரிக்கப்பட்டு இங்கே வரும் மருந்து நாகபாம்பு, எட்டடி விரியன், முத்திரைப் புடையன், சுருட்டை ஆகிய நான்கின் விஷத்துக்கும் பயன்படுவது. குதிரைகளிலிருந்து பெறப்படுவதால் ஒவ்வாமை வரக்கூடும். அதைக் குறைக்க, மருந்து ஏற்றுவதற்கு முன் சிறு அளவு அட்ரினலின் கொடுக்கிறோம். இலங்கையில் 1,007 நோயாளிகளிடம் செய்யப்பட்டு 2011 இல் வெளியான ஆய்வே இந்த வழக்கத்துக்கு வலுவான ஆதாரம் தந்தது; இதில் எங்கள் நாட்டு மருத்துவர்கள் பெருமைப்படலாம். ஆனால் ஒவ்வாமை வந்தால் சமாளிக்கும் வசதி இல்லாத இடத்தில் இந்த மருந்தை ஏற்ற முடியாது. "பக்கத்துக் கிளினிக்கில் ஊசி போட்டுவிட்டு வருகிறோம்" என்பதற்கு இங்கே இடமில்லை.

கடிபட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கடிபட்ட கையில் மோதிரமோ காப்போ மணிக்கூடோ இருந்தால் உடனே கழற்றுங்கள். இந்தக் கணவரின் வலது கை மோதிரத்தை, வீக்கத்துக்கு நடுவில், நாங்கள் வெட்டி எடுக்க நேர்ந்தது. எட்டு மாதத்துத் திருமண மோதிரம் அது, வெட்டும்போது மனைவி மறுபக்கம் திரும்பிக்கொண்டார். கையை அசைக்காமல், கழுத்தில் மாட்டிய சால்வையில் தாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதே சால்வையைக் கைக்கு மேல் இறுக்கிக் கட்டாதீர்கள். இறுக்கிய கட்டால் விரல் கறுத்து வந்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். கீற வேண்டாம், உறிஞ்ச வேண்டாம், விஷக்கல் வைக்க வேண்டாம். வலிக்குப் பனடோல் போதும். அஸ்பிரினும் டைக்ளோஃபெனாக்கும் வேண்டவே வேண்டாம், அவை கசிவைக் கூட்டும். பாம்பை அடித்துக் கொண்டுவர வேண்டாம். இரண்டாவது கடி பெரும்பாலும் அப்போதுதான் விழுகிறது. 1990 க்கு அழையுங்கள், அந்த அம்புலன்ஸ் சேவை 2018 இலிருந்து வடக்கிலும் இலவசமாகக் கிடைக்கிறது. அது வரத் தாமதமானால் கிடைக்கும் வாகனத்தில் ஏறுங்கள். ஆனால் கடிபட்டவரே வண்டி ஓட்டக்கூடாது. இந்தக் கணவர் மணற்காட்டிலிருந்து மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு தானே ஓட்டி வந்திருக்கிறார் என்பதை எழுதும்போதே எனக்குக் கை நடுங்குகிறது.

பார்வை பார்க்கும் நாட்டு வைத்தியரான பரியாரியாரிடம் போய்ச் சுகமான உறவினர் எல்லோருக்கும் ஒருவர் இருக்கிறார். விஷமில்லாத பாம்பு கடித்தாலும், விஷப்பாம்பு விஷத்தைச் செலுத்தாமல் கடித்தாலும், யார் பார்த்தாலும் சுகமாகும். நான் மதிக்கும் ஒரு முதிய பரியாரியார், கடிபட்டு வருபவர்களை வாசலிலேயே நிறுத்தி எங்களிடம் அனுப்பிவிடுகிறார். அவரால் பிழைத்தவர்கள் உண்டு என்று நானே சொல்வேன்.

இணையராக விளையாடுவோருக்கு ஒரு வேண்டுகோள். இருவராகப் போவதன் நன்மையே, ஒருவர் காணாததை மற்றவர் காண்பதுதான். ஒருவர் கைவிளக்கைப் பிடிக்க, மற்றவர் நீண்ட தடியால் ஓலையைக் கிளறிப் பார்த்த பின்னரே கை உள்ளே போகட்டும். கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குள் கை போகவே கூடாது. செருப்புக்குப் பதில் சப்பாத்துப் போடுங்கள். மனைவி "பாம்பு" என்று சொன்னால் அது பாம்பு. கணவர் சொன்னாலும் அவ்வாறே. கருக்குக் கீறல் என்று பின்னர் நிரூபணமானால், வீட்டில் எத்தனை நாள் வேண்டுமானாலும் கேலி செய்துகொள்ளலாம். அன்று அந்தப் பெண் இன்னும் உரத்துச் சொல்லியிருக்கக்கூடாதா என்று ஒரு தாதி கேட்டார். அவர் சொன்னார், மூன்று முறை சொன்னார். கேட்கவேண்டியவர் அடுத்த விடுகதையில் இருந்தார்.

ஏற்பாடு செய்பவர்களுக்குச் சொல்வதற்குத்தான் எனக்குப் பொறுமை குறைவாக இருக்கிறது. சீட்டைக் கற்குவியலிலும் பொந்திலும் வடலியிலும் செருகாமல், கண் மட்டத்தில் கிளையில் கட்டித் தொங்கவிட்டால் உங்கள் விடுகதையின் சுவை ஒரு துளியும் குறையாது. கடினம் கேள்வியில் இருக்கட்டும், கை போகும் இடத்தில் வேண்டாம். நான்கு மணிக்குத் தொடங்காமல் காலையில் தொடங்குங்கள். யாருக்காவது கடியோ காயமோ நேர்ந்தால் அந்த இணையருக்குப் புள்ளி குறையாது என்று முதலிலேயே அறிவியுங்கள். இவர் நிற்காமல் ஓடியதற்கு முதலிடம் போய்விடும் என்ற பயமும் ஒரு காரணம் என்று அவரே பின்னர் ஒப்புக்கொண்டார்.

அவருக்கு மருந்து ஏற்றினோம். உடல் முழுவதும் தடித்து அரித்தது, அடங்கியது. ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை குழாயைச் சரித்துப் பார்த்தோம். மறுநாள் மாலையில் இரத்தம் உறைந்தது. நான்காம் நாள் வீட்டுக்குப் போனார். ஓரிரு வாரத்தில் காய்ச்சலோ மூட்டு வலியோ வந்தால் திரும்பி வரவேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். அது மருந்தின் பின்விளைவாக வரக்கூடியது.

போகும்போது மனைவி ஒன்று சொன்னார். அன்று அவர்களுக்குப் பின்னால் இன்னும் மூன்று இணையர்கள் அந்த வடலிக்கு வந்திருக்கிறார்கள். மூவரும் அதே மட்டை இடுக்கில் கைவிட்டுச் சீட்டை எடுத்து, திரும்பவும் செருகியிருக்கிறார்கள். போட்டி முடிந்த பின் அதை யாரும் எடுக்கவில்லையாம், சீட்டு இன்னும் அங்கேதான் இருக்கிறதாம். அதை எடுக்கப் போகிறவர் தயவுசெய்து பகலில் போங்கள்; ஒரு தடியும் கொண்டு போங்கள்.